முருங்கைக்கீரைக்கு மசியாத ரத்தசோகை

அக்காவுக்கு ரத்தம் பத்தாது. ரங்கூனில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியும். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே வெளிறித்தான் இருப்பாள். தனகா, அதான் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து, பூசிக்கொண்டால் மட்டும் தெரியாது. "ரத்தம் ஊறட்டும்" என்று அம்மா வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் என்று முறைவைத்து ஊட்டினாள். அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை, விட்டுவிட்டுப் பதினோரு வருஷம். ஹீமோகுளோபின் பத்தரையில் நிற்கும், பதினொன்றைத் தொடும், திரும்பவும் இறங்கும். மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று ஒரு கிளினிக்கில் திட்டுகூட வாங்கினாள்.

பெகு பக்கத்துப் பர்மியர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது பார்த்த டாக்டர், இளம் வயது சயாமா (டாக்டரம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து அதன் ஓரத்திலேயே ஒரு வகுத்தல் கணக்குப் போட்டார். 66ஐ 5.5ஆல் வகுத்தால் 12. "13க்குக் கீழே வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். உங்கள் வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள்" என்றார். அத்தான் தினமும் சாயங்காலம் சின்லோன் என்ற பிரம்புப் பந்து ஆடுகிற ஆள். தனக்கு எதற்கு ஊசி என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

66 என்பது எம்சிவி, அதாவது ஒரு சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவு. 80க்கு மேல் இருக்க வேண்டும். 5.5 என்பது சிவப்பணுக்களின் எண்ணிக்கை, ஒரு மைக்ரோலிட்டரில் 55 லட்சம். உடம்பில் இரும்பு குறைந்தால் அணுக்கள் சிறுத்துப்போவதோடு எண்ணிக்கையும் குறையும். அக்காவுக்கு அணுக்கள் சிறுத்திருந்தன, ஆனால் எண்ணிக்கை தாராளமாக இருந்தது. கச்சாப்பொருள் தட்டுப்பாடு உள்ள பட்டறை இப்படி உற்பத்தி செய்யாது. குறை அச்சில் இருக்கலாம். இந்த வகுத்தலை 1973இல் மென்ட்சர் என்பவர் எழுதிவைத்தார். இது சந்தேகத்தைக் கிளப்புவதோடு சரி, தீர்ப்புச் சொல்லாது. தீர்ப்புக்கு ஹீமோகுளோபினை வகைவகையாகப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டும்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அக்கா பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் மரபணுவைச் சுமக்கிறவள். அத்தானின் ஹீமோகுளோபினில் கால்வாசிக்கும் கொஞ்சம் மேல் 'ஹீமோகுளோபின் இ' என்ற வேறு வகை. இருவருமே நோயாளிகள் அல்ல. ஆனால் இருவரும் சேர்ந்து ஒரு பிள்ளையைப் பெறுவதுதான் சயாமாவை யோசிக்க வைத்தது.

இது புரிய, ரத்தம் ஊறுகிற இடத்துக்குப் போக வேண்டும். நாம் 'ஊறுகிறது' என்று சொல்வது கிணற்றை நினைத்துத்தான். உண்மையில் அது எலும்பு மஜ்ஜைக்குள் நடக்கும் உற்பத்தி. கருவாக இருக்கும்போது முதலில் கருவோடு ஒட்டிய ஒரு பையிலும், பிறகு கல்லீரலிலும், அப்புறம் எலும்புகளிலும் ரத்தம் உண்டாகிறது. பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு ஆகியவைதான் முக்கியமான பட்டறைகள். ஒவ்வொரு வினாடியும் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் அங்கிருந்து வெளியேறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 120 நாள் போல.

எல்லா ரத்த அணுக்களுக்கும் மூலம் ஒன்றே, குருத்தணு. ஒரு குருத்தணுவின் வாரிசு சிவப்பணுவாகப் போகிறதா, வெள்ளையணுவாகவா, தட்டணுவாகவா என்பதைச் சில மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. சிவப்பணுவுக்கும் தட்டணுவுக்கும் 'காட்டா 1' என்பது எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி. எத்தனை அணு வேண்டும் என்று உத்தரவு போடுவது சிறுநீரகம். ஆக்சிஜன் குறைவதை அது உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனை அனுப்பும், மஜ்ஜை வேகமெடுக்கும். அந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவில் பிழை வந்து 'போதும்' என்கிற பிரேக் வேலை செய்யாமல் போனவர்களும் உண்டு. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மான்டிரான்டா அப்படிப்பட்ட குடும்பத்துக்காரர். 1964 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். அவர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஏன் அவ்வளவு மிகுதி என்பது 1990களில்தான் விளங்கியது.

மேஸ்திரி கைகாட்டிய இளம் அணு சில தடவை பிரிந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தன்னை ஹீமோகுளோபினால் நிரப்பிக்கொள்கிறது. முடிவில் ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கும். அதற்குப் பிறகு நடப்பது எனக்கு எத்தனை தடவை படித்தாலும் அலுக்காத விஷயம். அந்த அணு தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. பக்கத்தில் காத்திருக்கும் ஒரு விழுங்கணு அதைத் தின்றுவிடும். ஆகவே நம் ரத்தநாளங்களில் ஓடும் சிவப்பணுவில் மரபணு எதுவும் கிடையாது. மரபணு நல்லது செய்தாலும் கெட்டது செய்தாலும் அந்த ஒரு வாரத்துக்குள் மஜ்ஜையிலேயே செய்து முடித்திருக்க வேண்டும்.

ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது, இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா. ஆல்பாவுக்கான மரபணுக்கள் 16ஆம் குரோமோசோமில்; அம்மா வழியில் இரண்டு, அப்பா வழியில் இரண்டு, ஆக நான்கு. பீட்டாவுக்கு 11ஆம் குரோமோசோமில் ஆளுக்கு ஒன்று, ஆக இரண்டே இரண்டு. எண்ணிக்கை இப்படி இருந்தும், இரண்டு சங்கிலிகளும் சரிசமமாக உற்பத்தியாக வேண்டும். மாண்டலேயில் வெல்வெட் செருப்புத் தைக்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இடதுகால் செருப்பு நூறு வந்து, வலதுகால் முப்பதே வந்தால் விற்க முடிவது முப்பது ஜோடிதான். மிச்சம் எழுபது இடதுகால் செருப்பு கடையில் குவிந்து வழியை அடைக்கும்.

தலசீமியாவில் கேடு பெரும்பாலும் அந்த எழுபதால்தான் வருகிறது. ஜோடி கிடைக்காத ஆல்பா சங்கிலிகள் திரண்டு கட்டிதட்டி, இளம் அணுவின் சவ்வைச் சிதைத்துவிடுகின்றன. அணு மஜ்ஜையை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே செத்துப்போகிறது. ரத்தம் குறைகிறது என்று சிறுநீரகம் இன்னும் உத்தரவு போடும், மஜ்ஜை இன்னும் பெருக்கும், பெருக்கியதில் பெரும்பாலானவை மறுபடியும் சாகும். கடுமையான நோய் உள்ள குழந்தைகளுக்குக் கன்ன எலும்பு புடைப்பதும் மண்ணீரல் வீங்குவதும் இந்த வீண் உழைப்பால்தான். ஆக, உற்பத்தி குறைவு என்று மேலோட்டமாகச் சொல்லிவிட முடியாது. பட்டறை இரவு பகலாக ஓடுகிறது, சரக்கு வாசல் தாண்டவில்லை.

இரும்பு மாத்திரை விஷயம் இங்கேதான் வருகிறது. திணறும் இளம் அணுக்கள் எரித்ரோஃபெரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 2014இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதற்குக் கடிவாளமாக இருக்கும் ஹெப்சிடினை அது அடக்கிவிடும். உடம்பில் இரும்பு ஏற்கெனவே நிறைந்திருந்தாலும் குடல் இன்னும் இன்னும் உள்ளே இழுக்கும். ரத்தம் ஏற்றிக்கொள்ளாத தலசீமியா நோயாளிக்குக்கூட இரும்பு கல்லீரலில் படிவது இதனால்தான். அக்காவைப் போல ஒரு பிழைப் பிரதியை மட்டும் சுமப்பவர்களுக்கு இந்த ஆபத்து இவ்வளவு கிடையாது. ஆனால் இரும்பு உண்மையிலேயே குறைந்திருந்தால் ஒழிய மாத்திரையால் பயனில்லை. ஃபெரிட்டின் என்ற ஒரு பரிசோதனை அதைச் சொல்லிவிடும். பதினோரு வருஷத்தில் அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இனி அத்தானின் 'இ'. பீட்டா மரபணுவில் 26ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் வர வேண்டும். டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து, 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ' வந்ததால், அங்கே லைசின் வந்து உட்கார்கிறது. புரதம் கொஞ்சம் மாறினாலும் ஆக்சிஜனைச் சுமக்கிறது. தொல்லை வேறிடத்தில். மரபணுவின் நகலில் தேவையில்லாத துண்டுகளை வெட்டி எறிந்து மிச்சத்தை ஒட்டும் வேலை ஒன்று உண்டு. அந்த எழுத்து மாறியதும் அந்த இடம் 'இங்கே வெட்டு' என்கிற குறி போலத் தெரியத் தொடங்குகிறது. கத்தரி சில நகல்களைத் தவறான இடத்தில் வெட்டி வீணாக்குகிறது. அதனால் 'இ' சங்கிலி வேறு மாதிரி இருப்பதோடு குறைவாகவும் வருகிறது.

இந்தியாவில் அதிகம் காணப்படும் பீட்டா தலசீமியாப் பிழையும் கத்தரிக்குக் காட்டும் குறியில் நேரும் பிழைதான். 'இ' பிழை இருக்கும் எழுத்திலிருந்து எண்ணினால் பதினெட்டு எழுத்து தள்ளி அது இருக்கிறது. நம் மரபணுத் தொகுதியின் 300 கோடி எழுத்துகளில், பர்மாக்காரர் வீட்டுப் பிழையும் தமிழர் வீட்டுப் பிழையும் பதினெட்டு எழுத்து இடைவெளியில், ஒரே வரியில் இருப்பதுபோல.

இரண்டு ஊர்களிலும் இந்தப் பிழைகள் இவ்வளவு பெருகியதற்குக் கொசு காரணம். தலசீமியாவைச் சுமப்பவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஏதோ பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று 1949இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் ஊகித்தார். (பின்னாளில் இந்தியக் குடிமகனாகி புவனேஸ்வரத்தில் இறந்தாரே, அவர்தான்.) ஒரு பிழைப் பிரதி உள்ளவர்களின் சிவப்பணுக்களில் மலேரியாக் கிருமி அவ்வளவு சுலபமாகப் பெருகி உயிரை எடுக்க முடிவதில்லை. காய்ச்சல் காடுகளில் அப்படிப்பட்டவர்கள் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள், பிழையும் அவர்களோடு பிழைத்தது. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா சந்திக்கும் பகுதியில் சில ஊர்களில் இரண்டு பேரில் ஒருவரிடம் 'இ' இருக்கிறது. பர்மாவிலும் பரவலாகவே உண்டு. மோல்மீன் பக்கத்துக் காடுகளின் மலேரியா எப்படிப்பட்டது என்பதை, இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட்ட மரண ரயில்பாதைக்குக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் கதை தெரிந்த எந்தக் குடும்பத்துக்கும் சொல்லத் தேவையில்லை.

அத்தானைப் போல ஒரு 'இ' மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு 'இ' இருந்தாலும் லேசான சோகையோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் ஒரு பக்கம் 'இ', மறுபக்கம் பீட்டா தலசீமியா என்று ஒரே பிள்ளைக்கு வாய்த்தால் கதை வேறு. ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றுக்கு வராது என்று எங்கள் சித்தி கணக்குப் போட்டார். அப்படியில்லை. ஒவ்வொரு தடவையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

இந்தக் கூட்டில் விசித்திரம் என்னவென்றால், அதே இரண்டு பிழைகளைச் சுமக்கும் இருவரில் ஒருவர் மாதந்தோறும் ரத்தம் ஏற்றிக்கொள்வார், இன்னொருவர் ஏற்றிக்கொள்ளாமலே வயதாகிவிடுவார். கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே இப்படி நடக்கும். ஒரு காரணம் ஆல்பா. நான்கு ஆல்பா மரபணுக்களில் ஒன்றிரண்டு தற்செயலாகக் காணாமல் போயிருந்தால், இடதுகால் செருப்பும் குறைவாகவே வரும், குவியல் சிறுத்துவிடும். ஒரு குறையை இன்னொரு குறை சமன் செய்கிறது.

இன்னொரு காரணம் நாம் எல்லோரும் கருவில் இருந்தபோது வைத்திருந்த வேறொரு ஹீமோகுளோபின். அதில் பீட்டாவுக்குப் பதிலாக காமா சங்கிலி. பிறந்தபின் சில மாதங்களில் காமா மரபணு அணைந்து பீட்டா எரியத் தொடங்கும். கடுமையான பீட்டா தலசீமியா உள்ள குழந்தையும் முதல் சில மாதங்கள் கொழுகொழுவென்று இருப்பது இதனால்தான். சிலருக்குக் காமா முழுதாக அணைவதில்லை. அந்த விளக்கை அணைக்கிற கை எது என்பது 2007, 2008இல் வந்த ஆய்வுகளில் பிடிபட்டது: 2ஆம் குரோமோசோமில் உள்ள பிசிஎல்11ஏ என்ற மரபணு. அதன் கை கொஞ்சம் சோம்பலாக இருக்கிற குடும்பங்களில் தலசீமியாவும் சாந்தமாக இருக்கிறது.

இதை வைத்தே ஒரு சிகிச்சை வந்துவிட்டது. நோயாளியின் குருத்தணுக்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் பிசிஎல்11ஏ-வின் ஒரு சுவிட்சை மட்டும் வெட்டுகிறார்கள். சிவப்பணு வரிசையில் மட்டும் வேலை செய்கிற சுவிட்ச் அது. கடும் மருந்தால் பழைய மஜ்ஜையை ஒழித்துவிட்டு வெட்டிய அணுக்களைத் திரும்ப ஏற்றுவார்கள். காமா மறுபடி எரியும். 'கேஸ்ஜெவி' என்ற பெயரில் 2023 நவம்பரில் பிரிட்டன் இதற்கு முதலில் அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். பிழையைத் திருத்தாமலே பிழையைச் சுற்றிக்கொண்டு போகும் இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. விலையைப் படித்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ரங்கூனில் உள்ள குடும்பங்களுக்கு இன்றைக்குக் கைக்கு எட்டுவது கல்யாணத்துக்கு முன்னாலோ பிள்ளைக்கு முன்னாலோ இருவரும் செய்துகொள்ளும் ரத்தப் பரிசோதனைதான்.

அக்காவுக்கு ஆண் பிள்ளை பிறந்தான், கொழுகொழுவென்றுதான். ஆனால் அதை நம்ப முடியாதே. எங்களுக்குக் கிடைத்தது ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை. காமா இறங்கும்வரை அதில் பதில் தெளிவாகத் தெரியாது என்று சயாமா ஒரு வயசு முடிந்து வரச் சொன்னார். அந்த ஒரு வருஷமும் அவன் ஒவ்வொரு தடவை தும்மும்போதும் அம்மா அவன் கண்ணிமையைக் கீழே இழுத்துச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு வயசு கழித்து வந்த சீட்டில் அப்பாவைப் போலவே கால்வாசி 'இ', மிச்சம் சாதாரணம். அத்தான் மறுநாளே ஒரு சின்னப் பிரம்புப் பந்து வாங்கி வந்தார். அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டாள். அம்மா மட்டும் முருங்கைக்கீரையை நிறுத்தவில்லை. இப்போது பேரனுக்கும் சேர்த்து ஆய்கிறாள்.