டாக் டேஸ்: வெயிலுக்கு ஏன் நாயின் பெயர்?

மதியம் இரண்டு மணிக்கு, நிறுத்தி வைத்த காருக்கு அடியில் நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடக்கும் தெருநாயைப் பார்த்தால், கடும் கோடைக்கு ஆங்கிலத்தில் 'டாக் டேஸ்' என்று ஏன் பெயர் வந்தது என்பது புரிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த நாய் இருப்பது வானத்தில்.

இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். பெருநாய் விண்மீன் கூட்டத்தைச் சேர்ந்தது. கிரேக்கர்களுக்கு இது ஓரியன் என்ற வேட்டைக்காரனின் நாய். மனிதருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும் விண்மீன் என்கிறார் பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமர். சிரியஸ் என்ற பெயருக்கே 'சுட்டெரிப்பது' என்றுதான் பொருள். எகிப்தியர் கணக்கில் இது ஆண்டுக்கு 70 நாள் சூரிய ஒளியில் மறைந்திருக்கும். அப்புறம் ஒருநாள் விடியலுக்குச் சற்று முன்னால் கீழ்வானில் தலைகாட்டும். அவர்களுக்கு அது நைல் வெள்ளத்தின் அறிகுறி. மத்தியதரைக் கடலோர மக்களுக்கோ ஜூலை, ஆகஸ்ட் வெக்கையின் தொடக்கம். சூரியனோடு இந்த மீனின் சூடும் சேர்ந்துகொள்கிறது என்று நம்பினார்கள். ரோமர்கள் லத்தீனில் வைத்த பெயரே 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'நாய் நாட்கள்' என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. 'நாய் படாத பாடு' என்று பேசும் நமக்கு அது கஷ்டகாலமாகத்தான் காதில் விழும். வெயில் அதில் எங்கே இருக்கிறது?

நம்மிடமும் நட்சத்திரத்தின் பேரால் ஒரு வெயில் உண்டு: அக்கினி நட்சத்திரம், பேச்சு வழக்கில் கத்திரி வெயில். கார்த்திகை நட்சத்திரத்துக்கு அதிதேவதை அக்கினி. சூரியன் பரணியின் பிற்பகுதியில் தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தில் இருக்கும் காலம் இது. மே 4 வாக்கில் ஆரம்பித்து மாதக் கடைசி வரை போகும். அங்கே மறைந்த மீன் வெளியே வரும்போது வெயில். இங்கே சூரியன் மீனை மறைத்து நிற்கும்போது வெயில். இந்த ஒற்றுமையும் வேற்றுமையும் எனக்கு மிகவும் பிடித்தவை.

ஆனால் இரண்டும் ஒரே மாதம் அல்ல. ரோமின் ஆகஸ்டைக் கத்திரி என்று எழுதினால் வாசகர் மேயை நினைத்துவிடுவார். பழைய நூல்களை மொழிபெயர்க்கும்போது 'நாய்மீன் நாட்கள்' என்பதே என் தேர்வு. வெறும் வெக்கையைச் சொல்வதானால் 'கொடும் கோடை' போதும். வியாபாரம் படுத்துக் கிடக்கும் காலத்தையும் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வதுண்டு. அங்கே 'மந்தமான காலம்' என்று எழுதுங்கள்.