செதுக்கிய பரங்கி பொக்கைவாய் ஆவது எப்படி?

பரங்கிக்காயில் கத்தியை இறக்கி எடுத்தால், தோலை ஒட்டினாற்போல் உட்புறத்தில், வெட்டு நெடுக ஊசிமுனை அளவில் துளிகள் அரும்பும். துடைத்தாலும் மறுபடி வரும். சற்று நேரத்தில் அவை கூழாகி, பிசுபிசுவென்று இறுகிவிடும். குழம்புக்கு நறுக்குகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அமெரிக்காவில் அக்டோபர் கடைசியில் ஹாலோவீனுக்காகப் பரங்கியைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைக்கிறார்களே, அந்த விளக்குக்கு நேரப்போவதெல்லாம் இந்தத் துளியிலிருந்துதான் தொடங்குகிறது.

கொடியில் உணவைக் கடத்தும் ஃபுளோயம் குழாய்களின் சாறு அது. அதிலுள்ள சில புரதங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்து வாயை அடைத்துக்கொள்ளும், நமக்கு ரத்தம் உறைவதைப்போல. கொடியிலிருந்து அறுத்து, லாரியில் ஏற்றி, கடையில் அடுக்கிய பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. மெல்லச் சுவாசிக்கிறது, காயத்தை மூடப் பார்க்கிறது. சிறு கீறல் என்றால் மூடியும் விடும். தோட்டத்தில் பிஞ்சாக இருக்கும்போதே தோலில் மேலோட்டமாகப் பெயரைக் கீறி விட்டால், அந்த இடத்தில் தக்கை போன்ற தழும்பு கட்டி, காய் பருக்கப் பருக்க எழுத்தும் சேர்ந்து பெரிதாகும். பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. மெழுகுப் பூச்சும் அதன் கீழ் கெட்டியான செல் அடுக்கும் கொண்ட அந்தத் தோல் முழுசாக இருந்தால், 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் பரங்கி இரண்டு மூன்று மாதம் கெடாமல் கிடக்கும். உள்ளங்கை அகலத்துக்கு வாய் வெட்டி வைத்தால் எந்தச் சாறு வந்து அதை அடைக்கும்?

வெட்டுவதிலும் தோலின் குணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. தோல் கடினம், சதை மெத்து. சமையல் கத்தியை அழுத்தினால் தோலில் சிக்கி நிற்கும், இன்னும் அழுத்தினால் திடீரென்று சரக்கென்று போய் மறுபக்கம் பிடித்திருக்கும் கையில் இறங்கும். சின்ன ரம்பம் அப்படிச் செய்யாது. கொஞ்சம் கொஞ்சமாகத் துருவி எடுத்துத் தனக்கு வழி செய்துகொள்ளும், அதனால் சிக்காது. பொறுமை இருந்தால் போதும்.

காயின் சுவர் வேகமாக விரிய, விதைகளைத் தாங்கும் நடுச்சதை அதே வேகத்தில் வளராததால் உள்ளே பொந்து உண்டாகிறது. பாதி வேலையைக் காயே செய்து வைத்திருக்கிறது. இந்த வழக்கத்தின் பழைய வடிவத்தில் அந்த வசதி இல்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள், அது உள்ளே கெட்டி. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் டர்லோ பார்க்கிலுள்ள அருங்காட்சியகத்தில் அப்படியொரு டர்னிப் முகத்தின் பிளாஸ்டர் வார்ப்பு இருக்கிறது. சுருங்கிப்போன, உண்மையிலேயே பயமுறுத்தும் முகம். அசல் கிழங்கு உதிரத் தொடங்கியதால் வார்ப்பெடுத்து வைத்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் கையில் பரங்கி கிடைத்தது, அப்புறம் டர்னிப்பை யார் தேடுவார்கள்?

சரி, பல் ஏன் உள்ளே மடங்குகிறது? பரங்கிச் சதையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஒவ்வொரு செல்லும் தண்ணீர் நிரம்பி விறைத்து நிற்பதால்தான் சதை மொறுமொறுவென்று இருக்கிறது. வெட்டிய விளிம்பு வழியே தண்ணீர் ஆவியாகப் போகப் போக அந்த விறைப்பு தளர்கிறது. பல் மெல்லிய துண்டு, பல பக்கமும் காற்று படும், அதனால் முதலில் வாடுவது அதுதான். வெளிப்புறத் தோலோ அவ்வளவாகச் சுருங்காது, உள்சதை மட்டும் சுருங்கும். சுருங்குகிற பக்கம் சுருங்காத பக்கத்தை இழுக்க, பல் உட்புறமாக வளைகிறது. நாலைந்து நாளில் வாய் பொக்கை.

இந்தக் கட்டத்தில் அழுகல் இல்லையென்றால் மீட்கலாம். காயை முழுவதுமாகக் குளிர்ந்த தண்ணீரில் சில மணி நேரம் முக்கி வையுங்கள். செல் சவ்வு சேதமாகாமல் இருந்தால் சவ்வூடு பரவல் மூலம் தண்ணீரை மறுபடி இழுத்துக்கொள்ளும், பல் நிமிரும். இரவில் உறைபனி விழுந்திருந்தால் இது பலிக்காது. பனிப் படிகங்கள் செல்களைக் கிழித்திருக்கும், வெயில் ஏறியதும் காய் தொளதொளத்து உட்கார்ந்துவிடும்.

அழுகல் வேறு சங்கதி. செல்லையும் செல்லையும் ஒட்டி வைத்திருப்பது பெக்டின். பூஞ்சைகளும் சில பாக்டீரியாக்களும் அதைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன, சதை கூழாகிறது. குளோரின் ப்ளீச் கலந்த தண்ணீரில் கழுவினால் மேலே இருக்கும் கிருமிகள் சாகும், உண்மைதான். ஆனால் ப்ளீச் சதையைத் தொட்டதுமே வேதிவினையில் தீர்ந்துபோகும், நாளைக்குக் காற்றில் வந்து விழும் பூஞ்சை வித்துக்கு அங்கே தடை ஏதும் இல்லை. விளிம்பில் வாஸ்லின் தடவச் சொல்கிறார்கள். வாடுவது குறையும், ஆனால் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைப்பதால் பூஞ்சைக்கும் அது சௌகரியம். நன்றாகச் சுரண்டி, கழுவி, தலைகீழாக உலரவிடுவதையே நான் நம்புவேன்.

கெட்டுப்போவதை வேகப்படுத்துவது சுடரும்தான். சாதாரண மெழுகுவர்த்திச் சுடர் ஏறக்குறைய 80 வாட் வெப்பம் தரும். அதை மூடிய காய்க்குள் வைத்தால் சூடான காற்று மேலேறி மூடியின் அடியில் முட்டும், மூடி கருகும், வாசல் முழுக்கத் தீய்ந்த வாசனை. மூடி போட்டுச் சில நிமிடம் எரியவிட்டுத் திறந்து பாருங்கள். எங்கே கறுத்திருக்கிறதோ அங்கே ஒரு துளை போடுங்கள். சூடான காற்று அதன் வழியே போகும், வாய் வழியே புதுக் காற்று உள்ளே வரும், சுடர் துள்ளாமல் நிற்கும். மூடியைச் சாய்வாக வெட்டினால் சுருங்கினாலும் உள்ளே விழாது.

எல்இடி விளக்கு வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, காயும் கூடுதல் நாள் நிற்கும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. விளக்கு வெள்ளையாக இருந்தாலும் உட்சுவர் செம்மஞ்சளாகத்தான் தெரியும். சதையிலுள்ள பீட்டா கரோட்டின் நீல ஒளியை விழுங்கிவிடுகிறது. சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் நீலம் இன்னும் குறையும். மெழுகுவர்த்தி ஒளியில் நீலம் முதலிலேயே சொற்பம், அதனால்தான் அந்த நிறம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. முகத்துப் பக்கச் சுவரை இரண்டரை சென்டிமீட்டர் கனமே மிஞ்சும்படி சுரண்டி, தோலை மட்டும் சீவி எடுத்த இடங்களில் துளையே போடாமல் ஒளி கசியும்படி செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

31ஆம் தேதி இரவுக்கு வேண்டுமென்றால் 29க்கு முன்னால் குடையாதீர்கள். ப்ளீச் பட்ட காயைப் பண்டிகை முடிந்ததும் அணில் கொறிக்கட்டும் என்று புல்தரையில் விட்டுவிடாதீர்கள்.