வான்: முருகைக்கல் தொட்டியின் ‘ஓவர்ஃப்ளோ’வுக்கு வன்னியில் உள்ள சொல்

கடல்நீரில் முருகைக்கல் (பவளம்) உயிரிகளை வளர்க்கும் வீட்டுத் தொட்டியில், கண்ணாடியின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, சீப்பின் பற்களைப் போல வெட்டப்பட்ட விளிம்புடன் ஒரு சிறு பெட்டி ஒட்டப்பட்டிருக்கும். மோட்டர் ஏற்றிவிடும் நீர் அந்தப் பல்லிடுக்குகளால் பெட்டிக்குள் விழுந்து, குழாய் வழியே அலுமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு இறங்கி, அங்கே அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரில் அழுக்கு நீங்கி, மீண்டும் மேலே செல்கிறது. விளிம்பு, பெட்டி, இறங்குகுழாய் ஆகிய மூன்றையும் சேர்த்து ‘ஓவர்ஃப்ளோ’ என்கிறோம். இதைத் தமிழில் எழுத முனைபவர்கள் ‘நிரம்பி வழிதல்’ என்றோ, ‘மிகைநீர்ப்போக்கி’ என்றோ எழுதுகிறார்கள். முதலாவது ஓர் உறுப்பின் பெயராக நிற்கவில்லை; இரண்டாவது யாருடைய வாயிலும் வராது. இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் பிறந்தவர்கள் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. எங்கள் ஒவ்வொரு குளத்திலும் இவ்வுறுப்பு இருக்கிறது. அதன் பெயர் வான்.

‘ஓவர்ஃப்ளோ’ பழைய ஆங்கிலக் காலத்திலிருந்தே வழங்கிவரும் கூட்டுச்சொல். ‘மேலாக’ என்பதும் ‘பாய்தல்’ என்பதும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆறு கரை மேவுவதையும் பாத்திரம் நிரம்பிச் சிந்துவதையும் குறித்த வினைச்சொல்லே, பின்னர் அப்படி மிஞ்சும் நீரை வெளியேற்றும் துவாரத்துக்கும் குழாய்க்கும் பெயராயிற்று. இதனால் விபத்துக்கும், அவ்விபத்தைத் தடுப்பதற்காக அமைத்த உறுப்புக்கும் ஒரே பெயர் வந்து சேர்ந்தது. ‘நேற்றிரவு ஓவர்ஃப்ளோவில் பிரச்சினை’ என்று ஒருவர் சொன்னால், நிலம் நனைந்ததா, பெட்டி அடைத்துக்கொண்டதா என்று மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. அப்பெட்டியின் விளிம்பை மட்டும் குறிக்கும் ‘வியர்’ என்ற சொல், தடுத்தல், காத்தல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. அது பாய்ச்சலைச் சொல்லாமல் தடையைச் சொல்கிறது.

இங்கே இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். மீன்தொட்டியைக் குறிக்கும் ‘டாங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமாக அகராதிகள் குஜராத்தியையும் போர்த்துக்கேயத்தையும் காட்டுகின்றன. இந்தியாவில் உள்ள குளங்களைக் குறித்தே அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இலங்கை ஆங்கிலத்தில் வடபகுதிப் பெருங்குளங்களான இரணைமடுவும் கட்டுக்கரையும் இன்றும் ‘டாங்க்’ தான். குளத்தின் பெயரைக் கண்ணாடித் தொட்டிக்கு வைக்க ஆங்கிலம் தயங்கவில்லையென்றால், குளத்து உறுப்பின் பெயரைத் தொட்டியின் உறுப்புக்கு வைப்பதில் நாம் தயங்குவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வன்னியில் மாரி மழை பிடித்ததும் ஊர் ஊராகப் பரவும் செய்தி ‘குளம் வான் பாயுது’ என்பதுதான். குளக்கட்டின் உயரத்தைவிடத் தாழ்வாக, கல்லாலோ கொங்கிறீற்றாலோ கட்டப்பட்ட உறுதியான விளிம்பே வான். நீர் அம்மட்டத்தைத் தொட்டவுடன் யாரும் கை வைக்காமலே மிகுதி நீர் அதன் மேலாகப் பாய்ந்து கீழாற்றில் சேரும். 1902 இல் வேலை தொடங்கி 1920 இல் கட்டி முடிக்கப்பட்ட இரணைமடு போன்ற பெருங்குளங்களில் வான்கதவுகள் உண்டு; சிறு குளங்களில் கதவில்லாத விளிம்பு மட்டுமே இருக்கும். வான் பாய்வது மகிழ்ச்சியான செய்தி. அதைப் பார்க்கச் சிறுவர்களும் மீன்பிடிப்பவர்களும் கூடுவார்கள். நீர் வானால் போகாமல் கட்டின் மேலால் போனால் அதற்கு வேறு சொல்: ‘கட்டு மேவிப் பாயுது’. அடுத்தது ‘உடைப்பெடுத்திட்டுது’. ஆங்கிலச் சொல் ஒன்றாகக் குழைத்துவிட்ட இரண்டு நிலைகளை வன்னித் தமிழ் இப்படித் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. நான் வான் என்ற சொல்லைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இதுவே.

வானம், மழை என்னும் பொருளுடைய ‘வான்’ என்ற சொல்லோடு இதை இணைத்துக் கதை கட்டிவிடக் கூடாது. சிங்களத்திலும் இவ்வுறுப்புக்கு ‘வான்’ என்பதே பெயர். வான்கதவுகளை அங்கே ‘வான் தொரட்டு’ என்பார்கள். இரு மொழியினரும் பகிர்ந்துகொள்ளும் நீர்ப்பாசனச் சொல்லாகவே இதைக் கொள்வது நேர்மையானது. தமிழகத்தில் இதே உறுப்பைக் கலிங்கு என்பார்கள். தென்மாவட்டங்களில் குளம் ‘மறுகால் பாய்கிறது’ என்ற வழக்கும் உண்டு. அங்குள்ள வாசகர்கள் கலிங்கு என்று எழுதினாலும் பொருள் பிசகாது.

இப்பொருத்தத்தை எனக்குக் காட்டியவர் கமம் செய்து வாழ்ந்த என் பெரியப்பா. வவுனியாவில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கும் நாலடித் தொட்டியின் முன் கதிரையை இழுத்துப் போட்டு, பல்லிடுக்குகளால் நீர் விழுவதை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, “இது வான். துருசை எங்கை வைச்சிருக்கிறாய், தம்பி?” என்று கேட்டார். துருசு என்றால் குளத்து நீரைத் திறந்துவிடும் கதவு. நான் அலுமாரிக் கதவைத் திறந்து, இறங்குகுழாயில் பூட்டியிருந்த வால்வைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

வானின் நீளம் ஏன் முக்கியம் என்பதும் குளத்தைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். விளிம்பின் மேல் நிற்கும் நீரின் தடிப்பு, பாயும் அளவையும் விளிம்பின் நீளத்தையும் பொறுத்தது. மணித்தியாலத்துக்கு 3000 லீற்றர் நீர் 20 சென்ரிமீற்றர் நீளமான வானால் பாய்ந்தால், விளிம்பின் மேல் ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் தடிப்பில் நீர் நிற்கும். அதே நீர் பின்கண்ணாடியோடு ஒட்டிய 1 மீற்றர் வானால் பாய்ந்தால் தடிப்பு 6 மில்லிமீற்றர் அளவுக்குக் குறையும். பற்கள் இடத்தை அடைப்பதால் நடைமுறையில் இரண்டும் சற்றுக் கூடும். மெல்லிய தகடாகப் பாயும் நீரே மேற்பரப்பில் படியும் எண்ணெய்த் தன்மையான கழிவுப்படலத்தை இழுத்துச் செல்லும். அப்படலம் அகன்றால்தான் ஒளி தடையின்றி இறங்கும். காற்றும் நீரும் வாயுக்களை நன்கு பரிமாறிக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘கரையிலிருந்து கரைவரை’ என்ற பொருள்பட அழைக்கப்படும் அமைப்பை ‘முழுநீள வான்’ எனலாம். பல்வரிசையை ‘வான்சீப்பு’ என்றும், பெட்டியை ‘வான்பெட்டி’ என்றும் சொல்லிக்கொள்ளலாம். தொட்டிக்குள்ளேயே அலை உண்டாக்கும் பம்பிகளின் ஓட்டம் வேறு. அதற்கு நீரோட்டம் என்ற சொல் போதும்.

இனித் துருசு. குளக்கட்டின் அடியால் வாய்க்காலுக்கு நீர் விடும் கதவமைப்பே துருசு. வான் தானே பாயும். துருசை ஆள் திறக்க வேண்டும். முருகைக்கல் தொட்டியில் இப்போது பலரும் விரும்பும் மூன்று குழாய் அமைப்பை இவ்விரு சொற்களாலும் முழுமையாக விளக்கிவிடலாம். முதற்குழாய் காற்றுப் புகாமல் நீர் நிறைந்து, நீர் நிறைந்த குழாய் தானே நீரைக் கீழிழுக்கும் சைபன் விசையில் ஓசையின்றி இறங்குகிறது; அதன் அளவைக் கேட் வால்வினால் கூட்டிக் குறைக்கிறோம். அதுவே துருசு. அதைச் சற்று இறுக்கிவிட்டால் வான்பெட்டியில் மட்டம் மெல்ல உயர்ந்து, மிஞ்சும் சிறு நீர் இரண்டாவது குழாயின் வாயைத் தாண்டித் தானே இறங்கும். அது வான். இரண்டையும் விட உயரமாக, வழமையில் வறண்டே நிற்கும் மூன்றாவது குழாய் அவசர வான். முதற்குழாயில் நத்தையோ பாசியோ அடைத்துக்கொண்ட நாளில் அதுதான் வீட்டு நிலத்தைக் காக்கும். ஒற்றைக் குழாய் வைப்பவர்கள் ‘டர்சோ’ என்ற வடிவத்தைப் பயன்படுத்துவதுண்டு: குழாயின் தலையில் ‘T’ வடிவ இணைப்பு ஒன்றும் கீழ்நோக்கிய ‘எல்போ’ வளைவிணைப்பும் பூட்டி, மூடியில் காற்றுக்குச் சிறு துளை இடுவார்கள். நீரும் காற்றும் ஒன்றாக விழும்போது எழும் கொடகொடச் சத்தம் அதனால் அடங்கும். இப்பெயர் அதை வடிவமைத்த அமெரிக்க ஆர்வலரின் குடும்பப்பெயர். எங்கள் துருசோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். துருசில் கதவு உண்டு, டர்சோவில் இல்லை. இரண்டையும் குழப்பக் கூடாது.

துருசு என்ற சொல்லுக்குச் சித்த மருத்துவத்தில் வேறொரு பொருளும் உண்டு: மயில்துத்தம், அதாவது செப்பு சல்பேற்று. செம்பு முருகைக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. ஆகவே தொட்டியின் துருசாகப் பித்தளை வால்வைப் பூட்டவே வேண்டாம்; பித்தளையில் செம்பு இருக்கிறது, உப்புநீர் அதைக் கரைத்தெடுக்கும். பீவீசி வால்வும், இங்கே எல்லோரும் எஸ்லோன் என்றே அழைக்கும் பீவீசிக் குழாயும் போதுமானவை.

‘சம்ப்’ என்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சதுப்பு நிலத்தைக் குறித்த டச்சு, கீழ்ஜேர்மன் சொல்லிலிருந்து வந்து, சுரங்கத்தின் அடியில் நீர் சேரும் குழிக்குப் பெயராகி, பின்னர் இங்கே வந்து சேர்ந்தது. சதுப்பில் வளரும் சம்பம்புல்லை வைத்து இதைத் தமிழ்ச் சொல்லாக்க முயல வேண்டாம். கீழ்த்தொட்டி என்பது தெளிவாக இருக்கிறது.

கீழ்த்தொட்டியில் எவ்வளவு இடம் வெறுமையாக இருக்க வேண்டும் என்ற கணக்கை நான் ஒருமுறை தவறவிட்டேன். எங்கள் தொட்டியின் பரப்பு 120க்கு 60 சென்ரிமீற்றர். நீரை மேலே கொண்டுவரும் குழாயின் வாய், நீர்மட்டத்துக்கு 5 சென்ரிமீற்றர் கீழே இருந்தது. ஓர் இரவு மின்சாரம் நின்றதும் மோட்டரும் நின்றது. அக்குழாய் எதிர்த்திசையில் சைபனாக மாறி, வாயில் காற்றுப் புகும்வரை தொட்டி நீரைக் கீழே இழுத்தது. 5 சென்ரிமீற்றர் இறங்கினால் 36 லீற்றர். கீழ்த்தொட்டியில் இருந்த வெற்றிடம் 20 லீற்றர். மிகுதி உப்புநீர் அலுமாரியைக் கடந்து விறாந்தைக்கு வந்தது. விடிய எழுந்து வந்த பெரியப்பா, “கட்டு மேவிட்டுது” என்றார். வான் அதன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. பிழை வேறிடத்தில் என்பதை அந்த ஒரு வினைச்சொல் எனக்குச் சொல்லிவிட்டது.

எதிரோட்டத்தைத் தடுக்கும் ஒருவழி வால்வை மட்டும் நம்பியிருக்க முடியாது. சுண்ணப்படிவமும் நத்தையும் அதை மூட விடாமல் செய்யும். குழாய் வாயை மேலே உயர்த்தி, நீர்மட்டத்தை ஒட்டி ஒரு காற்றுத்துளையும் இட்டேன். இப்போது மோட்டர் நின்றால் வானின் விளிம்பு வரை மட்டுமே நீர் இறங்குகிறது: 17 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 12 லீற்றர், அதோடு வான்பெட்டியிலும் குழாய்களிலும் நிற்கும் சில லீற்றர். மோட்டரை வேண்டுமென்றே நிறுத்தி, கீழ்த்தொட்டியில் நீர் ஏறி நின்ற இடத்தில் ஒரு கோடு கீறினேன். மூன்று குழாய்களிலும் மார்க்கர் பேனையால் ‘துருசு’, ‘வான்’, ‘அவசர வான்’ என்று எழுதியிருக்கிறேன்.