தொகுப்பான் பிழையா, தொகுப்பான் காட்டும் வழுவா?

ஹட்டன் பக்கம் கணினி வகுப்புப் பிள்ளைகள் கையில் இருக்கும் தமிழ்க் கையேடு ஒன்றில், பக்கத்துக்குப் பக்கம் 'தொகுப்பான் பிழை'. கம்பைலர் எரருக்குத்தான் இந்தப் பெயர். கம்பைலர் என்பது நாம் எழுதும் செய்நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள். அதைப் படித்த ஒரு தம்பி, கோளாறு கம்பைலரில்தான் என்று நம்பி அதை அழித்துவிட்டுத் திரும்ப இறக்கியிருக்கிறான், தோட்டத்துச் சிக்னலில், சொந்த டேட்டாவில். ஜாவா என்ற நிரல்மொழியில் அவன் எழுதிய முதல் செய்நிரலில், எழுத்துத் தரவைக் குறிக்கும் 'ஸ்ட்ரிங்' என்பதன் முதலெழுத்தைப் பெரிய எழுத்தில் அடிக்காமல் சிறிய எழுத்தில் அடித்திருந்தான். அவ்வளவுதான் விஷயம்.

கம்பைல் என்பதன் வேர் லத்தீன். அங்கே கொள்ளையடிப்பது என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது தொகுப்பது ஆயிற்று. 1952இல் அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹொப்பர் உருவாக்கிய ஏ-0 என்ற கம்பைலர் நிஜமாகவே தொகுத்தது: நாடாவில் முன்பே எழுதி வைத்திருந்த துணைநிரல்களை எடுத்துக் கோத்துத் தந்தது. 1957இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி வந்த பிறகு வேலை மொழிமாற்றம் ஆனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நாமும் அந்தப் பழைய பெயரைத்தான் தமிழாக்கினோம். சிலர் தொகுப்பி என்கிறார்கள், இலங்கையில் நம் பக்கம் தொகுப்பான். (ஒரு பெண் செய்ததற்கு 'ஆன்' விகுதியா என்று கேட்பவர்களோடு சண்டைக்கு நான் வரவில்லை.)

தொகுப்பான் இருக்கட்டும். அதன் பின்னால் பிழையை ஒட்டுவதுதான் வினை. 'அச்சுப்பிழை என்கிறோமே' என்பார்கள். அச்சுப்பிழை அச்சில் நேர்ந்த பிழை. அதே கணக்கில் தொகுப்பான் பிழை, தொகுப்பானில் நேர்ந்த பிழை ஆகிவிடுகிறது. தம்பி சரியாகத்தான் படித்திருக்கிறான்! தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் முற்றல் இலையைக் கண்டு சொன்ன கணக்கப்பிள்ளை மேலேயே முற்றல் பறித்த பழியைப் போடுவது போலிருக்கிறது இது.

'தொகுப்பான் காட்டும் வழு' என்று எழுதுங்கள். நீளம் என்று முனகுவார்கள். ஒரே ஒரு சொல்தான் கூடுகிறது. வழு நம் இலக்கணத்துச் சொல். நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழு சொல்கிறது. 'அவன் வந்தாள்' பால்வழு. முழு எண்ணுக்கென்று அறிவித்த மாறியில் (மதிப்பைப் போட்டு வைக்கும் இடத்தில்) ஒருவர் பெயரைப் போட்டால் ஜாவா மறுப்பதும் ஏறக்குறைய இதே சங்கதிதான். கம்பைலர் பார்ப்பது இலக்கணம். கூட்ட வேண்டிய சம்பளத்தைக் கழித்து எழுதினால் அது வாயே திறக்காது. பிழை என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

அது காட்டும் இடமும் எப்போதும் சரியாக இருக்காது. மேலே எங்கோ ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டால், கோப்பின் கடைசி வரியில் போய் நின்று முறையிடும். ஒரு வழு பத்தாகவும் பெருகும். முதல் வழுவைத் திருத்திவிட்டு மறுபடி தொகுத்துப் பார்க்கச் சொல்லும் ஒரு வரியைக் கையேட்டில் காணோம்.

அந்த 'ஸ்ட்ரிங்' வழுவுக்கு ஜாவா தரும் 'கெனாட் ஃபைண்ட் சிம்பல்' என்ற செய்தியை அதே கையேடு 'சின்னத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று பெயர்த்திருக்கிறது. சின்னம் என்றால் மலையகத்தில் தேர்தல் கட்சியின் சேவல் ஞாபகம் வரும், வாக்குச்சீட்டு ஞாபகம் வரும். 'இந்தப் பெயர் அறிவிக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தால் அந்தத் தம்பி தன் வரியைத் திரும்பிப் பார்த்திருப்பான்.