எண் வந்தது, பெயர் எங்கே போனது?

போன வாரம் ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார்: "புதுப் போன் வாங்கினேன். பழைய போனில் இருந்த தொடர்புகளை எல்லாம் ஒரே கோப்பாக எடுத்து இதில் ஏற்றினேன். எண்கள் சரியாக வந்துவிட்டன. ஆங்கிலத்தில் சேமித்த பெயர்களும் வந்துவிட்டன. தமிழில் சேமித்த பெயர்கள் மட்டும் சமக்குறியும் எண்ணுமாகக் கிடக்கின்றன. வைரஸ் ஏதாவது புகுந்திருக்குமோ?" கூடவே அப்படி வந்த பெயர் ஒன்றையும் அனுப்பியிருந்தார்.

வைரஸ் இல்லை. பெயர்களும் எங்கேயும் போய்விடவில்லை. அவர் அனுப்பிய அந்த வரியைக் காகிதத்தில் எழுதி, கூட்டல், கழித்தல், பெருக்கல் மட்டும் போட்டு பெயரைக் கண்டுபிடித்துவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

முதலில் அந்தக் கோப்பைப் பற்றி. தொடர்புகளை எக்ஸ்போர்ட் செய்யும்போது பெரும்பாலும் விசிஎஃப் என்று முடியும் கோப்பு ஒன்று கிடைக்கும். அதற்குள் இருப்பது வீகார்டு, அதாவது தொடர்பு விவரங்களை எழுதிவைக்கும் அட்டை. அதை எந்த எழுத்துச் செயலியிலும் திறந்து படிக்கலாம். 'அட்டை தொடங்குகிறது' என்று ஒரு வரி, பதிப்பு எண் ஒரு வரி, பெயர், போன் எண், மின்னஞ்சல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, கடைசியில் 'அட்டை முடிந்தது' என்று ஒரு வரி, அவ்வளவுதான். 400 பேர் இருந்தால் இப்படி 400 அட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். புகைப்படம் வைத்திருந்தால் அதுவும் எழுத்துகளாக மாறி அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 1990களின் நடுவில் வகுத்த ஏற்பாடு இது. 2.1 என்ற பதிப்பு 1996-இல் வந்தது, 3.0 வந்தது 1998-இல், 4.0 வந்தது 2011-இல். புதிய பதிப்பு வந்துவிட்டால் பழையது மறைந்துவிடும் என்று நினைப்போம். இங்கே அப்படி நடக்கவில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் பல இன்றைக்கும் 2.1 பதிப்பில்தான் கோப்பை எழுதித் தருகின்றன. வாசகரின் சிக்கல் தொடங்கிய இடம் அதுதான்.

2.1 வந்த காலத்தில் மின்னஞ்சல் பாதைகள் பல 7 பிட்டுக்கு மேல் தாங்காது. கணினிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்தான். அதில் 0 முதல் 127 வரையிலான எண்கள் பத்திரமாகப் போய்ச் சேரும். அதற்கு மேற்பட்ட எண் எதையாவது அனுப்பினால் வழியில் எந்தக் கணினி அதை எப்படிச் சிதைக்கும் என்று சொல்ல முடியாது. ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், நிறுத்தக்குறிகள் எல்லாம் அந்த 127-க்குள் அடங்கிவிடும். தமிழ் அடங்காது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையில் தமிழுக்கு ஒதுக்கிய இடமே 2944-இல்தான் தொடங்குகிறது.

அதனால் இரண்டு வேடங்கள் தேவைப்பட்டன. ஒன்றுக்கு மேல் இன்னொன்று.

முதல் வேடம் யூடிஎஃப்-8. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தது. கணினியின் சேமிப்பு அலகான ஒரு பைட்டில் 255 வரைதான் எழுத முடியும் என்பதால் பெரிய எண்களைப் பல பைட்டுகளாகப் பிரித்து எழுத வேண்டும். பிரிப்பது பெரிய விஷயம் இல்லை. பிரித்ததைத் திரும்பச் சேர்க்கும்போது எது தலை, எது வால் என்று தெரிய வேண்டுமே! அதற்கு அவர்கள் செய்த வழியைப் பாருங்கள். மூன்று பைட் கொண்ட எழுத்து என்றால் முதல் பைட் 224-க்கும் 239-க்கும் இடையில் இருக்கும். பின்னால் வருகிற பைட்டுகள் எப்போதுமே 128-க்கும் 191-க்கும் இடையில். தலைக்கும் வாலுக்கும் ஒரே எண் வரவே வராது. கோப்பின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு எங்கே விரலை வைத்தாலும், அது எழுத்தின் தொடக்கமா நடுவா என்று அந்த ஒரு பைட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். நடுவில் ஒரு பைட் கெட்டுப்போனாலும் அந்த ஓர் எழுத்துதான் போகும், அடுத்த எழுத்து தப்பித்துவிடும்.

இரண்டாவது வேடம் மின்னஞ்சலுக்காக உண்டானது. 127-க்கு மேற்பட்ட பைட் ஒவ்வொன்றையும் பதினாறடிமான (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட) எண்ணாக மாற்றி, முன்னால் ஒரு சமக்குறி போட்டு எழுதிவிடுவார்கள். இப்போது வரி முழுக்கச் சமக்குறி, இலக்கம், ஆங்கில எழுத்து மட்டும்தான். எந்தப் பழைய பாதையிலும் சிதையாமல் போகும். 'இந்த வரி இன்ன முறையில் எழுதப்பட்டது, எழுத்துமுறை யூடிஎஃப்-8' என்று வரியின் தொடக்கத்திலேயே குறிப்பும் இருக்கும்.

சரி, வாசகர் அனுப்பிய வரிக்கு வருவோம். ஆங்கில எழுத்துகளைத் தமிழில் ஒலித்துக் காட்டுகிறேன்:

=ஈ0=ஏஈ=ஏஈ=ஈ0=ஏஈ=ஏ3=ஈ0=ஏஈ=பிஎஃப்

பதினாறடிமானத்தில் ஏ என்றால் 10, பி 11, ஈ 14, எஃப் 15. முதல் இலக்கத்தை 16-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்ட வேண்டும். ஈ0 என்பது 14 × 16 + 0, அதாவது 224. ஏஈ என்பது 10 × 16 + 14, அதாவது 174. ஆக முதல் மூன்று பைட்டுகள் 224, 174, 174. இரண்டாவது வேடம் கலைந்துவிட்டது.

224 என்றதும் தெரிந்துவிடுகிறது: இது மூன்று பைட் எழுத்தின் தலை. தலையில் 224-ஐக் கழித்தால் 0. வால்களில் 128-ஐக் கழித்தால் 46, 46. முதல் வாலை 64-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டுங்கள்: 46 × 64 + 46 = 2990. யூனிகோடு அட்டவணையில் 2990-இல் இருப்பது 'ம'.

அடுத்த மூன்று 224, 174, 163. அதே கணக்கில் 46 × 64 + 35 = 2979. அது 'ண'. கடைசி மூன்று 224, 174, 191. 46 × 64 + 63 = 3007. அது இகரக் குறி. மூன்றையும் சேர்த்தால் 'மணி'.

பெயர் முழுசாக அங்கேயே இருந்திருக்கிறது! புதுப் போனில் இருந்த செயலி வரியின் தொடக்கத்தில் இருந்த குறிப்பைப் படிக்காமல், சமக்குறிகளையே பெயர் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். மூன்று முறையும் 224, 174 என்றே தொடங்கியது. தமிழ் எழுத்து எதை எடுத்தாலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175 மட்டும்தான். சில கணினிகளில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ, அதே ஆர் என்று வரிசையாக வரும் அல்லவா? அதுவும் இதே எழுத்துகள்தான். விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் 224-ஆம் இடத்தில் அந்த ஏ இருக்கிறது, 174-ஆம் இடத்தில் வட்டத்துக்குள் ஆர் இருக்கிறது. செயலி முதல் வேடத்தைக் கலைக்காமல் விட்டால் தமிழ் இப்படித்தான் தெரியும்.

ஏ-யும் ஆருமாகத் தெரிகிற இந்த வகையில் ஓர் ஆபத்து உண்டு. அந்த அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. நம் புள்ளியின் கடைசி பைட் 141, உகரக் குறியின் கடைசி பைட் 129, தமிழ் எழுத்து 'ஏ' 143-இல் முடிகிறது, 'ஐ' 144-இல் முடிகிறது. காலி இடத்தைப் பார்த்ததும் அந்த பைட்டை வீசிவிடுகிற செயலியாக இருந்தால், பின்னால் சரிசெய்யும்போது மற்ற எழுத்துகள் எல்லாம் திரும்பிவரும், புள்ளியும் உகரக் குறியும் 'ஏ', 'ஐ' எழுத்துகளும் மட்டும் வராது. தமிழில் புள்ளி இல்லாமல் எத்தனை பெயரை எழுத முடியும்?

ஆகவே குழப்பத்தைப் பார்த்ததும் அதன் வகையைப் பாருங்கள். சமக்குறிகளாக இருந்தால் கவலையே வேண்டாம், எல்லாம் பத்திரம். ஏ-யும் ஆருமாக இருந்தால் பெரும்பகுதி மீட்கலாம். வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் அந்தப் பிரதியில் ஒன்றும் மிச்சமில்லை, மூலக் கோப்புக்குத்தான் போக வேண்டும்.

நீளமான பெயர்களுக்கு இன்னொரு கண்டம் இருக்கிறது. 'தமிழ்ச்செல்வி' என்பது நமக்கு 7 எழுத்து. யூனிகோடில் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் அது 13. ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 39. ஒவ்வொரு பைட்டுக்கும் சமக்குறியோடு 3 இடம், ஆக 117. இந்த முறையிலோ ஒரு வரி 76-ஐத் தாண்டக் கூடாது. அதனால் நடுவில் மடித்து, 'இன்னும் முடியவில்லை' என்பதற்கு அடையாளமாக வரியின் கடைசியில் தனிச் சமக்குறி ஒன்றைப் போட்டு அடுத்த வரிக்குப் போவார்கள். அந்த அடையாளத்தைப் புரிந்துகொள்ளாத செயலி முதல் வரியோடு நின்றுவிடும். பெயரில் பாதி காணாமல் போவது இதனால்தான். ஆங்கிலப் பெயர்களில் இது அநேகமாக நடக்காது, எனவே ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இந்தக் கோளாறு கண்ணிலேயே பட்டிருக்காது.

இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. இந்தக் கோப்புகளைப் படிக்கும் நிரல்களில் பலவற்றைத் தன்னார்வலர்கள்தான் மாலை நேரங்களில் உட்கார்ந்து பராமரிக்கிறார்கள். புதிதாக ஒன்றைக் கட்ட நிதி கேட்டால் கிடைக்கிறது. இருப்பதைப் பல மொழிகளில் சோதித்துப் பார்க்க நிதி கேட்டால் கிடைப்பதில்லை. கோடிக்கணக்கானவர்களின் போனில் ஓடுகிற நிரலுக்குச் சில நூறு தமிழ்ப் பெயர்களை வைத்து ஒரு சோதனைத் தொகுப்பு செய்வது பெரிய செலவே இல்லை. பல்கலைக்கழகத் துறைகளும் போன் நிறுவனங்களும் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

4.0 பதிப்பில் நிலைமை நன்றாகவே இருக்கிறது. யூடிஎஃப்-8 தவிர வேறு எழுத்துமுறைக்கு அதில் இடமே இல்லை, சமக்குறி வேடமும் போய்விட்டது. பெயரைக் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று கூறு போட்டுத் தரும் வரியும் கட்டாயம் இல்லை, முழுப் பெயரை அப்படியே ஒரே வரியில் தந்தால் போதும். குடும்பப் பெயரே இல்லாதவர்கள் உலகில் எத்தனை பேர்! ஆனால் எல்லாச் செயலிகளும் 4.0-க்கு இன்னும் வந்து சேரவில்லை.

அப்புறம், ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதே என்றும் சிலர் கேட்பதுண்டு. எண்ணை ஓர் இடத்தில் நாட்டுக் குறியீட்டோடும் இன்னோர் இடத்தில் இல்லாமலும் சேமித்திருப்பது வழக்கமான காரணம். தமிழுக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. 'கொ' என்பதை 'க'-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், உள்ளே பைட்டுகள் வேறு. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர மறந்த செயலிக்கு மட்டும் 'கொடி' இரண்டு பேராகத் தெரிவார்.

கோப்பைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். தொடர்புகளை விரிதாள் செயலியில் திறந்து சேமிக்காதீர்கள். அது போன் எண்ணைத் தொகை என்று நினைத்து முன்னால் இருக்கும் பூஜ்யத்தையும் கூட்டல் குறியையும் எடுத்துவிடக்கூடும். நானே ஒருமுறை அப்படிச் சேமித்துவிட்டு, நாட்டுக் குறியீடு இருந்த எண்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது, புதுப் போனில் நான்கைந்து நீளமான தமிழ்ப் பெயர்களைத் தேடிப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று உறுதியாகும்வரை பழைய போனை அழிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவரிடம் நல்லவேளையாக மூலக் கோப்பு இருந்தது. புதுப் போனில் குழம்பிக் கிடந்த பதிவுகளை நீக்கிவிட்டு, அதே கோப்பை மின்னஞ்சல் கணக்கோடு வருகிற தொடர்புப் பட்டியலில் கணினி வழியாக ஏற்றி, அங்கிருந்து போனுக்கு இறக்கச் சொன்னேன். நேற்று பதில் வந்தது. மணி வந்துவிட்டாராம், தமிழ்ச்செல்வியும் முழுப் பெயரோடு வந்துவிட்டாராம்.