அட்வான்ஸ் கொடுக்கும் முன் அண்ணா சாலையில் ஒரு வாரம் நில்லுங்கள்

போன மாதம் ராயப்பேட்டை பக்கம் ஒரு ஹோட்டல் ஷட்டரை இறக்கியது. திறந்து பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. கணக்கை முடித்துக் கொடுக்க நான் போனபோது, பழைய சாமான் எடுப்பவர் எவர்சில்வர் மேஜைகளை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தார். வாங்கும்போது ஒரு மேஜைக்கு இவ்வளவு என்று விலை, இப்போது கிலோவுக்கு இவ்வளவு. ஹோட்டல்காரர் கல்லாவுக்குப் பின்னால் நின்று எடையைச் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: "சாப்பாடு நல்லாத்தானே சார் இருந்தது?"

நன்றாகத்தான் இருந்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மதியம் அங்கே சாப்பிட்டவன் நான். அவர் வளைகுடாவில் பதினான்கு வருஷம் கேட்டரிங் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மாஸ்டர் லீவு போட்டால் தானே அடுப்படியில் நிற்பார்.

இந்தப் பகுதியில் இருபது வருஷத்துக்கு மேலாக ஆடிட்டராக இருக்கிறேன். என்னிடம் கணக்கு எழுதுபவர்களில் பாதிப் பேர் ஹோட்டல்காரர்கள். அவர்களில் மூடியவர்களின் ஃபைல்கள் தனி அலமாரியில் இருக்கின்றன. அவற்றைப் புரட்டினால் ருசி சரியில்லாமல் மூடிய கடைகள் ரொம்பக் குறைவு. பெரும்பாலானவற்றின் கதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. முதல் இட்லி வேகும் முன்பே நஷ்டத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். புதிதாக ஹோட்டல் வைக்க நினைப்பவர்கள் பலரும் ஓய்வூதியப் பணத்தையோ மனைவியின் நகையையோ நம்பித்தான் இறங்குகிறார்கள்.

அண்ணா சாலையையும் அதைச் சுற்றிய தெருக்களையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மவுண்ட் ரோடு என்று சொன்ன காலத்தில் சென்னையின் பொழுதுபோக்கே இங்கேதான். 1961-ல் சாந்தி, 1964-ல் சஃபையர், 1970-ல் தேவி என்று தியேட்டர்கள் வரிசையாக வந்தன. ஒரு காட்சி விட்டால் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் பசியோடு தெருவுக்கு வருவார்கள். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் சுற்றியிருந்த கடைகள் இரவு வரை அடுப்பை அணைக்காமல் வைத்திருந்தன. சஃபையர் போயிற்று, ஆனந்த் போயிற்று, 2016-ல் சாந்தியும் மூடியது. தேவி இன்னும் ஓடுகிறது. ஆனால் தியேட்டர் போன இடத்தில் அலுவலகக் கட்டடம் வந்தால், வரும் கூட்டத்தின் குணமே மாறிவிடும். அலுவலகக் கூட்டம் மதியம் ஒன்று முதல் இரண்டரை வரைதான். சாயங்காலம் ஏழு மணிக்கு மெட்ரோவில் ஏறிப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வரவே வராது. கட்டட உரிமையாளர்களோ இன்னும் 'மவுண்ட் ரோடு வாடகை' கேட்கிறார்கள். இரவுக் காட்சி காலத்து வாடகையை மதியச் சாப்பாட்டு வியாபாரத்தில் எடுக்க முடியாது.

கூட்டம் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஜெமினி மேம்பாலம் பக்கம் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் 1962-ல் தொடங்கியது. காரில் உட்கார்ந்தபடியே சாப்பிட்ட குடும்பங்கள் இன்றைக்கும் அதைப் பேசுகின்றன. 2008-ல் மூடியபோதுகூட அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. நிலம் அவர்களுடையது இல்லை, குத்தகை நிலம். அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. 2010-ல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பேர் வாங்கிய கடைக்கே நிலம் யார் கையில் என்பதுதான் கடைசி வார்த்தையாக இருந்தது. 

சரி, அந்த ராயப்பேட்டைக் கடையின் கணக்குக்கு வருகிறேன். அவருடைய அனுமதியோடு, கொஞ்சம் முழுமையாக்கிய எண்களில் சொல்கிறேன். நாற்பது இருக்கை. சராசரி விற்பனை, வாடிக்கையாளரிடம் வாங்கும் ஜிஎஸ்டி நீங்கலாக, ஒரு நாளைக்கு 19,000 ரூபாய். மாதத்துக்கு 5,70,000. அரிசி, கறி, காய்கறி, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து 2,56,000. எட்டுப் பேருக்குச் சம்பளம், தங்கும் அறை 1,75,000. கரண்ட், தண்ணீர் 38,000. வாடகை 1,20,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 21,600. கூட்டிப் பாருங்கள், செலவு 6,10,600. மாதம் 40,600 கையை விட்டுப் போகிறது.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுகிறேன். அதே மாஸ்டர், அதே பிரியாணி, அதே 19,000 விற்பனை. மெயின் ரோட்டை விட்டு ஒரு தெரு உள்ளே தள்ளி 80,000 ரூபாய் வாடகையில் அந்தக் கடை இருந்திருந்தால், வரியோடு 94,400. மாதக் கடைசியில் 6,600 மிச்சம் நின்றிருக்கும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் கடை திறந்திருக்கும், விற்பனை ஏறுவதற்கு நேரம் கிடைத்திருக்கும். கடைசி இரண்டு மாதம் அவருக்கு நாளுக்கு 22,000 வரை வந்தது. அதற்குள் கையிருப்பு தீர்ந்துவிட்டது. வாடகையும் அதன் வரியும் சேர்ந்து விற்பனையில் பதினைந்து சதவீதத்தைத் தாண்டினால் நான் எச்சரிப்பேன். இவருக்கு அது கால் பங்கு.

அந்த 21,600 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரிவதில்லை. அவருக்கும் தெரியாது, ஒப்பந்தம் போட்ட பிறகுதான் என்னிடம் வந்தார். "ஓனருக்கு ஜிஎஸ்டி நம்பரே இல்லையே சார், அப்புறம் ஏது வரி?" என்றார். 2024 அக்டோபர் 10 முதல் சட்டம் வேறு. கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவராக இருந்து, கடைக்காரர் பதிவு செய்தவராக இருந்தால், கடை வாடகைக்கான 18 சதவீத வரியைக் கடைக்காரரே அரசுக்கு நேரடியாகக் கட்ட வேண்டும். மற்ற வியாபாரமாக இருந்தால் கட்டிய வரியை வேறு வரியில் கழித்துக்கொள்ளலாம். சாதாரண ஹோட்டல் 5 சதவீத வரியில் இருக்கிறது. அந்த விகிதத்தில் உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியை, கழிக்க இடமே இல்லை. ஆக, அது முழுக்கச் செலவு. இன்டீரியர் காண்டிராக்டர் பில்லில் போடும் ஜிஎஸ்டிக்கும் இதே கதிதான். வாடகை பேசும்போது 1,20,000 என்று பேசாதீர்கள், 1,41,600 என்று மனதில் வைத்துப் பேசுங்கள்.

சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இந்த வாடகை வரிப் பொறுப்பு இல்லை. உடனே அதற்கு மாறிவிடலாம் என்று சிலர் ஓடி வருகிறார்கள். அதில் விற்பனையில் 5 சதவீதத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும், பில்லில் தனியாக வாங்கக் கூடாது. இவருடைய விற்பனைக்கு அது மாதம் 28,500. மெனு விலையைக் கொஞ்சம் ஏற்ற முடிகிற கடைக்கு அது சரிவரலாம், மற்றவர்களுக்கு 21,600-ஐ மிச்சப்படுத்த 28,500 கொடுத்த கதையாகும்.

அடுத்தது ஒப்பந்தக் காகிதம். இந்தப் பகுதியில் பாதி ஹோட்டல்கள் பதினோரு மாத ஒப்பந்தத்தில் நடக்கின்றன. ஒரு வருஷத்துக்கு மேல் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், முத்திரைத் தாள் செலவு வரும் என்பதற்காக இந்த ஏற்பாடு. வீட்டுக்கு அது ஒத்து வரலாம். இவர் உள் அலங்காரம், சமையலறை, புகைப்போக்கி எல்லாவற்றுக்கும் சேர்த்து 18 லட்சம் போட்டிருந்தார். மூன்று வருஷத்தில் எடுப்பதென்றால் மாதம் 50,000. பதினோரு மாதத்தில் எடுப்பதென்றால் 1,63,000-க்கு மேல். பத்தாவது மாதத்தில் உரிமையாளர் வந்து வாடகையை இருபது சதவீதம் ஏற்றச் சொன்னார். காகிதப்படி அவர் கேட்டதில் தவறு சொல்ல முடியவில்லை. இந்தச் செலவு செய்கிறவர் குறைந்தது ஐந்து வருஷத்துக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்பேன்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். கடைகளுக்கும் இது பொருந்தும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது. சென்னையில் பத்து மாதம்தான் வழக்கம், அதைத்தான் ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். நீங்கள் கேட்டுப் பாருங்கள். பத்து ஆறானாலும் உங்கள் கையிருப்பு நாலு மாத வாடகை அளவு கூடும். காலி செய்யும்போது அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், பெயின்ட், சாக்கடை, எண்ணெய்ப் பிசுக்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். சாவி வாங்கும் அன்றே சமையலறைச் சுவரையும் தரையையும் போட்டோ எடுத்து வையுங்கள். இவருடைய அட்வான்ஸ் 12 லட்சத்தில் இன்னும் மூன்று லட்சம் வந்து சேரவில்லை. கையில் ஒரு போட்டோவும் இல்லை.

ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையை நான் எல்லோருக்கும் சேர்க்கச் சொல்கிறேன், உரிமையாளர்கள் முகம் சுளிப்பார்கள். கடை வாசலில் சாலைப் பணி நடந்தால் அந்த மாதங்களுக்கு வாடகை எவ்வளவு குறையும் என்ற நிபந்தனை. மெட்ரோவுக்காக அண்ணா சாலையைத் தோண்டிய வருஷங்களை நான் கூடவே இருந்து பார்த்தவன். என்னிடம் கணக்கு எழுதிய ஒரு டிபன் கடைக்கு முன்னால் நீலத் தகரம் நின்றது. கடைக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு பேர் உரசாமல் நடக்க முடியாது. கடைக்காரப் பெரியவர் தகரத்தின் மேல் விளிம்புக்குக் கம்பு கட்டி, 'ஓட்டல் உண்டு' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார். மழை பெய்து அட்டை ஊறும், மறுநாள் புதிதாக எழுதுவார். முழு வாடகையும் கொடுத்துக்கொண்டிருந்தார். 2019 பிப்ரவரியில் அந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியபோது அவர் கடை அங்கே இல்லை. அதற்குப் பிறகு தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே மேம்பால வேலை வந்தது, மற்ற இடங்களில் மெட்ரோவின் அடுத்த கட்டம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தத் தெருவில் என்ன வேலை வரப்போகிறது என்று விசாரிக்க அரை நாள் போதும்.

'ரன்னிங் ஹோட்டல், குட்வில் கொடுத்து எடுத்துக்கலாம்' என்று வருவதில், அதாவது நடக்கும் கடையை அதன் பேருக்கும் வாடிக்கைக்கும் சேர்த்து விலை கொடுத்து வாங்குவதில், கூடுதல் கவனம் வேண்டும். பழைய முதலாளியின் ஜிஎஸ்டி பாக்கிக்கு வாங்குகிறவரும் பொறுப்பு. பிஎஃப் பாக்கிக்கும் அப்படித்தான். உணவுப் பாதுகாப்பு உரிமம் அவர் பெயரிலிருந்து விலைக்குக் கைமாறாது, நீங்கள் புதிதாக எடுக்க வேண்டும். கரண்ட் பில் பாக்கியையும் பாருங்கள். ஒரு வருஷத்து ஜிஎஸ்டி ரிட்டர்னைக் கேளுங்கள். 'உண்மையான விற்பனை அதில் இல்லை' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு வாரம் முன்பு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். எல்லிஸ் ரோடு பக்கம் ஒரு இடம் பார்த்திருக்கிறார்கள், மறுநாள் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தது. "ஒரு வாரம் தள்ளி வையுங்கம்மா" என்றேன். அந்த வாரம் முழுக்க அந்தக் கடை எதிரே இருக்கும் டீக்கடையில் இருவரும் மாறி மாறி நின்று எண்ணினார்கள். மூன்று வேளையும், ஞாயிறும் சேர்த்து. எத்தனை பேர் நடந்து போகிறார்கள், பக்கத்து இரண்டு ஹோட்டல்களுக்குள் எத்தனை பேர் நுழைகிறார்கள், எத்தனை பேர் பார்சல் வாங்குகிறார்கள். அந்த அம்மா பள்ளி நோட்டில் கோடு கிழித்துக் கொண்டுவந்தார். மதியம் நினைத்ததைவிட நல்ல கூட்டம். இரவு எட்டு மணிக்கு மேல் பக்கம் பக்கமாக வெறுமை. ஞாயிறு பாதிகூட இல்லை.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு உரிமையாளரிடம் போனார்கள். 95,000 கேட்டவர் 82,000-க்கு இறங்கி வந்திருக்கிறார், உள் அலங்கார வேலை நடக்கும் இரண்டு மாதத்துக்கு வாடகை வேண்டாம் என்றும் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஐந்து வருஷப் பதிவுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் பேசப் போகிறார்கள், டோக்கன் பணம் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.