சைக்கிள் பந்தய நடுவர்: கடைசி 3 கிலோமீட்டர் விதி சொல்வது என்ன?

சாலை சைக்கிள் பந்தயத்தில் நடுவரை நாம் கவனிப்பதே இல்லை. அவருக்கு மைதானம் கிடையாது. 150, 200 கிலோமீட்டர் சாலைதான் களம். அதனால்தான் உலக சைக்கிள் கூட்டமைப்பான யூசிஐயின் விதிகள் ஒரு குழுவையே நியமிக்கச் சொல்கின்றன. தலைமை நடுவர் காரில் வருவார், சிலர் மோட்டார் சைக்கிளில் கூடவே ஓடுவார்கள், எல்லைக்கோட்டில் ஒருவர் நிற்பார். பந்தய வட்டாரத்தில் இவர்களுக்குக் 'கமிசேர்' என்று பெயர்.

வண்டிகளைச் சோதிப்பதும் இவர்கள் வேலைதான். சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. உள்ளே மோட்டார் ஒளித்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

சாலையில் பெரும்பாடு, வீரர்களுக்குத் துணையாக வரும் அணிக் கார்களோடுதான். காருக்குப் பின்னால் ஒட்டி ஓட்டினால் காற்றின் எதிர்ப்பு குறையும், கால் வலிக்காமல் வேகம் கிடைக்கும். எனவே முன்னால் ஓடுபவருக்கும் துரத்தும் கூட்டத்துக்கும் இடைவெளி சுருங்கியதும், நடுவே புகுந்துவிட்ட அணிக் கார்களை நடுவர் விலக்குவார். பின்னால் வரும் கார்களும் அவர் கைகாட்டும்வரை முந்தக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது 3 கிலோமீட்டர் விதி. பல நாள் பந்தயத்தில், சமவெளியில் முடியும் நாட்களில் கடைசி 3 கிலோமீட்டருக்குள் ஒருவர் விழுந்தாலோ, பஞ்சரானாலோ, செயின் அறுந்தாலோ, அந்த நொடியில் அவர் எந்தக் கூட்டத்தோடு இருந்தாரோ அந்தக் கூட்டத்தின் நேரமே அவருக்கும் கிடைக்கும். இடம் மட்டும் அவர் உண்மையில் கோட்டைக் கடந்த வரிசைப்படிதான். விழுந்து எழ முடியாமல் கோட்டைத் தொடாமலே போனாலும் நேரம் உண்டு. அன்றைய பட்டியலில் கடைசி இடம். இந்த விதி இல்லையென்றால், மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர்கள் எல்லாம் ஒரு நொடியும் இழக்கக் கூடாதென்று, வேக ஓட்டக்காரர்களோடு முட்டி மோதிக்கொண்டு கோடுவரை வருவார்கள். இன்னும் பலர் விழுவார்கள். சில பந்தயங்களில் இப்போது எல்லையை 5 கிலோமீட்டர்வரை நீட்டவும் அனுமதிக்கிறார்கள்; அது நல்ல முடிவு.

ஆனால் மலையுச்சியில் முடியும் நாளுக்கும், தனித்தனியாக நேரம் கணக்கிடும் ஓட்டத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. மற்ற நாட்களில் சலுகை கொடுக்க, வீரர் எங்கே, யாரோடு இருந்தபோது விழுந்தார் என்பதை நடுவர் குழு உறுதிசெய்தாக வேண்டும்.

2025 முதல் மஞ்சள் அட்டையும் உண்டு. ஆபத்தாக ஓட்டி ஒரே பந்தயத்தில் இரண்டு அட்டை வாங்கினால் பந்தயத்திலிருந்து நீக்கம், கூடவே 7 நாள் தடை. கால்பந்தைப் போல அட்டையை முகத்துக்கு நேரே நீட்ட மாட்டார்கள். அன்றைய ஓட்டம் முடிந்தபின் நடுவர் குழுவின் அறிக்கையில் வரும்.